பால் கொடுப்பதால் அம்மாவுக்கு என்ன லாபம்? ஒவ்வொரு மாதமும் கணக்கில் சேர்கிறது!

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் போதும், 'உலகத் தாய்ப்பால் வாரம்' என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கார்ப்பரேட் மருத்துவமனை வரை பேனர் கட்டிவிடுவார்கள். பேனரில் கொழுகொழு குழந்தை ஒன்று சிரிக்கும். நோய் எதிர்ப்பு சக்தி கிடைக்கும், மூளை வளரும், வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் அண்டாது என்று பக்கத்திலேயே காரணங்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால், எல்லாமே குழந்தைக்கு!

அந்தக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது? பல பேனர்களில் அவருடைய முகம்கூட முழுசாக இருக்காது.

வீட்டிலும் இதே கதைதான். பிரசவம் ஆகும்வரை "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா?" என்று அவரையே சுற்றிவந்த வீடு, குழந்தை பிறந்த மறுநாளிலிருந்து "பால் பத்துதா, பிள்ளை எடை ஏறுதா?" என்று கேட்க ஆரம்பித்துவிடும். அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ரத்த சோகையெல்லாம் யார் ஞாபகத்திலும் இருக்காது. சில நேரம் அவர் ஞாபகத்திலேயே இருக்காது.

பால் கொடுப்பது அம்மாவின் உடம்புக்கு என்ன செய்கிறது என்று மருத்துவ உலகம் பல காலமாகக் கணக்கெடுத்து வருகிறது. மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், சர்க்கரை நோய், மாரடைப்பு என்று பட்டியல் நீளம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்தப் பாதுகாப்பு தடுப்பூசி மாதிரி ஒரே நாளில் கிடைத்துவிடாது. சீட்டுப் பணம் மாதிரி மாதாமாதம் சேரும். மூன்று மாதம் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு உண்டானது, ஒரு வருடம் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு உண்டானது.

வலது பக்கம் மட்டும் பால் கொடுத்த பெண்கள்

ஹாங்காங் மீனவ கிராமங்களில் அந்தக் காலத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர்களின் பாரம்பரிய மேல்சட்டைக்கு வலது பக்கம்தான் திறப்பு. அதனால், குழந்தைக்கு வலது மார்பில் மட்டுமே பால் கொடுப்பார்கள். எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் இடது மார்பு பால் கொடுக்காமலேயே இருந்துவிடும்.

மருத்துவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? உடம்பு ஒன்று, சாப்பாடு ஒன்று, பரம்பரை ஒன்று. வித்தியாசம் பால் கொடுத்ததிலும் கொடுக்காததிலும் மட்டும்தான். அப்படி ஒரு பக்கம் மட்டும் பால் கொடுத்து, பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். மாதவிடாய் நின்ற வயதில் இருந்தவர்களுக்கு, பால் கொடுக்காத மார்பில்தான் புற்றுநோய் அதிகம் வந்திருந்தது. 1977-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

இந்தச் சந்தேகம் அதற்கும் வெகுகாலம் முன்பே எழுந்ததுதான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி, கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவதை 1713-லேயே எழுதி வைத்தார். 1926-ல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபான் என்ற பெண் மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குழந்தைப்பேறும் பால் கொடுத்த காலமும் குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று அவருடைய கணக்கு காட்டியது.

எல்லாவற்றையும் திரட்டி பெரிய அளவில் கணக்குப் போட்டது 2002-ல். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 50,000 பேர், வராத கிட்டத்தட்ட 97,000 பேர். முடிவு இதுதான்: ஒரு பெண் தன் வாழ்நாளில் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவிகிதம் குறைகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் குறையும் 7 சதவிகிதம் தனி.

"இவ்வளவுதானா, வெறும் 4 சதவிகிதமா?" என்று தோன்றலாம். ஆனால், இது கூடிக்கொண்டே போகும் கணக்கு. வளர்ந்த நாடுகளில் 70 வயதுக்குள் 100 பெண்களில் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. அந்தப் பெண்களும் வளரும் நாடுகளின் பெண்களைப் போல அதிகக் குழந்தைகள் பெற்று, நீண்ட காலம் பால் கொடுத்திருந்தால் அது 2.7 ஆகக் குறைந்திருக்கும் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் குறைவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, பால் கொடுத்ததால் மட்டுமே கிடைக்கக்கூடியது. ஆறு, ஏழு பிள்ளைகள் பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்த நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். அவர்களின் மொத்தக் கணக்கு பத்து வருடத்தைத் தாண்டிவிடும். இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய அம்மாவுக்கு அந்த எண்ணிக்கை வராது, வரவும் வேண்டாம். அதனாலேயே, கிடைக்கும் மாதங்களைக் குறைக்காமல் இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

எப்படி வேலை செய்கிறது இது? மார்பகத்தில் உள்ள செல்கள் முழு வளர்ச்சி அடைவது பால் சுரக்கும் காலத்தில்தான். முழுசாக முதிர்ந்த செல், புற்றுநோய்ச் செல்லாக மாறும் வாய்ப்பு குறைவு. தவிர, பால் கொடுக்கும் மாதங்களில் மாதவிடாய் தள்ளிப்போவதால், மார்பகம் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைச் சந்திக்கும் காலமும் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் இன்னொரு காரணத்தையும் சொன்னார்கள். குழந்தை பெற்றுப் பால் கொடுத்த பெண்களின் மார்பகத்தில், நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை பல ஆண்டுகள் தங்கிக் காவல் காக்கிறதாம்.

சென்னைக்கு இது ஏன் முக்கியம்?

இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இப்போது மார்பகப் புற்றுநோய்தான். 2022-ல் மட்டும் நாட்டில் புதிதாக 1.9 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது, சுமார் 98,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீடு. சென்னையில் ஒரு தலைமுறைக்கு முன்பு பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இப்போது அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய். தாமதமான திருமணம், உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு, பால் கொடுக்கும் காலம் சுருங்கியது எனக் காரணங்கள் பல.

ஒரு பெயர்ப் பொருத்தத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு 18,000 ரூபாய் வரை உதவி தரும் மகப்பேறு திட்டத்துக்கும் அவர் பெயர்தான். புற்றுநோயும் பிரசவமும் வேறு வேறு சமாசாரம் என்று நாம் நினைக்கிறோம். பெண்ணின் உடம்பில் அவை அவ்வளவு தூரத்தில் இல்லை.

கர்ப்ப கால சர்க்கரை வந்தவர்கள், இதைத் தவறாமல் படியுங்கள்

தமிழ்நாட்டில் கர்ப்பமான பெண்ணுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது இன்று சாதாரணம். 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், 140 என்ற அளவைத் தாண்டினால் கர்ப்ப கால சர்க்கரை. இந்த எளிய முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி.சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-தான் இந்தியாவில் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

பிரசவம் ஆனதும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று மறந்துவிடுவார்கள். ஆனால், கர்ப்ப கால சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவரைவிட 7 மடங்கு அதிகம் என்று 2009-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடியும் சர்க்கரை பரிசோதனை செய்ய வேண்டும். அந்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வாரமும்கூட. குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு, அம்மா தனக்குப் பரிசோதிக்காமலேயே வீடு திரும்புவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது.

இந்தப் பெண்களுக்குத் தாய்ப்பால் நிஜமாகவே கை கொடுக்கிறது. அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில், கர்ப்ப கால சர்க்கரை வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பால் கொடுத்தவர்களிடம் சர்க்கரை நோய் வந்த விகிதம், அதற்கும் குறைவாகக் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி! பத்து மாதத்தைத் தாண்டியவர்களிடம் இன்னும் குறைவு. 2015-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

அதே நாட்டில் 30 ஆண்டுகள் நீண்ட இன்னொரு ஆய்வு, 2018-ல் வந்தது. அதில் கர்ப்ப கால சர்க்கரை வராத பெண்களும் இருந்தார்கள். எல்லாப் பிரசவங்களையும் சேர்த்து ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்கு, பால் கொடுக்கவே செய்யாதவர்களைவிட சர்க்கரை நோய் அபாயம் 47 சதவிகிதம் குறைவாக இருந்தது. ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களுக்கு 25 சதவிகிதம். பாருங்கள், இங்கேயும் மாதக் கணக்குதான்.

காரணம் புரிந்துகொள்ள எளிதானது. பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைத் தயாரிக்க மார்பகம் அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. இதற்கு இன்சுலினின் தயவு பெரிதாகத் தேவையில்லை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் சுரக்கிறது என்றால், கணையத்துக்கு அவ்வளவு வேலை மிச்சம்.

இதயத்துக்கும் நன்மை உண்டு. சுமார் 12 லட்சம் பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2022-ல் வெளியான ஆய்வில், ஒருமுறையாவது பால் கொடுத்தவர்களுக்கு இதய, ரத்தநாள நோய்கள் வரும் அபாயம் 11 சதவிகிதமும் பக்கவாத அபாயம் 12 சதவிகிதமும் குறைவாக இருந்தன. சினைப்பைப் புற்றுநோய்க்கு 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லும் எண், 24 சதவிகிதம் குறைவு.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். பால் கொடுக்காதே என்று சிலரையும் கொடு என்று சிலரையும் பிரித்துவைத்துச் சோதனை செய்ய முடியாது. பல்லாயிரம் பேரின் வாழ்க்கையைக் கவனித்துப் போட்ட கணக்கு இது. அதிக நாள் பால் கொடுக்க முடிந்த பெண், ஏற்கெனவே கொஞ்சம் ஆரோக்கியமானவராக, வசதியானவராக இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் அதையெல்லாம் கழித்துப் பார்த்தும் பலன் தெரிகிறது என்பதால்தான் நம்புகிறார்கள். "பால் கொடுத்தேன், எனக்கு எதுவும் வராது" என்று யாரும் பரிசோதனைகளைத் தவிர்க்கக் கூடாது.

அடிவயிற்றில் சுருக்கென்று வலிக்கிறதா?

இதுவரை சொன்னதெல்லாம் பிற்கால லாபம். முதல் லாபம் பிரசவ அறையிலேயே தொடங்கிவிடுகிறது.

குழந்தை மார்பைச் சப்பும்போது அம்மாவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வெளியாகிறது. பாலை இறக்கிவிடுவது அதுதான். அதே ஹார்மோன் கருப்பையையும் இறுக்கிச் சுருக்குகிறது. கருப்பை சுருங்கினால் ரத்தக் குழாய்கள் அடைபட்டு உதிரப்போக்கு கட்டுப்படும். முதல் சில நாள்கள் பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலிப்பது இதனால்தான். இரண்டாவது பிரசவத்தில் இன்னும் அதிகமாக வலிக்கும். "பால் கொடுத்தா வயிறு வலிக்குது" என்று பயந்து குழந்தையை விலக்கத் தேவையில்லை. கருப்பை பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மருத்துவமனையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசிக்கு இது மாற்று அல்ல. பிரசவத்தின்போது தாய்மார்கள் உயிரிழக்க முக்கியக் காரணம் அதிக ரத்தப்போக்கு என்பதால், அந்த ஊசி கட்டாயம். உடம்பு தானே செய்யும் உதவி அதோடு சேர்ந்துகொள்கிறது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 41.8 சதவிகிதம்தான். தமிழ்நாட்டில் இதே ஆய்வின்படி 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று குழந்தையைத் தனியே வைத்துவிடுவது இன்னும் நடக்கிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் அம்மா விழித்துதான் இருப்பார். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால், படுத்தபடியே பால் கொடுக்கலாம். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தைக்குச் 'சேனை' தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் வாயில் வைப்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால், அது குழந்தைக்குத் தொற்றுக்கு வழி வைக்கும், அம்மாவுக்கு முதல் சுரப்பைத் தள்ளிப்போடும். நல்ல குணத்தைக் கொடுக்க ஆசைப்படுபவர், குழந்தையை அம்மாவின் மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உதவலாமே!

"பால் கொடுக்கிறவரைக்கும் தங்காது"... பாதி உண்மை!

பால் கொடுக்கும் காலத்தில் மறுபடி கர்ப்பம் ஆகாது என்று பாட்டிகள் சொல்வார்கள். 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் இதை ஆராய்ந்து, மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவிகிதத்துக்கும் மேல் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று போனாலும் மருத்துவரைப் பார்த்து வேறு கருத்தடை முறைக்கு மாறிவிட வேண்டும். "எனக்கு இன்னும் பீரியட்ஸே வரலையே" என்று எட்டாவது மாதத்தில் வந்து ஸ்கேன் எடுப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கருமுட்டை முதலில் வந்துவிடும், மாதவிடாய் அப்புறம்தான் வரும்.

மாதவிடாய் தள்ளிப்போவதில் இன்னொரு சகாயம், இரும்புச்சத்து மிச்சமாகிறது. இந்தியாவில் 57 சதவிகிதப் பெண்களுக்கு ரத்த சோகை இருக்கும் நிலையில், பிரசவத்தில் ரத்தம் இழந்த உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

பால் கொடுப்பதற்கு அம்மாவின் உடம்பு ஒரு விலையும் கொடுக்கிறது. அதைச் சொல்லாமல் லாபத்தை மட்டும் பேசுவது நியாயமாக இருக்காது.

முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அடுத்த ஆறு மாதத்துக்கு 520. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அளவு. பல வீடுகளில் நடப்பது நேரெதிர். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், மீன் ஆகாது, பழம் சளி, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து காணாமல்போகும். மிச்சம் இருப்பது ரசமும் சுட்ட அப்பளமும்தான்.

பத்தியச் சமையல் எல்லாமே தப்பு என்றும் சொல்ல முடியாது. பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு, எள்ளும் கருப்பட்டியும் நல்ல சத்துள்ளவை. சேர்த்துக்கொள்ளச் சொல்லும் பத்தியத்தைக் கேட்கலாம், குறைக்கச் சொல்லும் பத்தியத்தைத்தான் கேட்கக் கூடாது. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்ப தாராளமாகக் குடிக்கலாம்.

பால் கொடுக்கும் மாதங்களில் அம்மாவின் எலும்பிலிருந்து கால்சியம் கரைவதும் உண்மை. ஆனால், நிறுத்தியபிறகு அது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தொடர வேண்டும் என்பது அரசு விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். குழந்தை பிறந்ததும் மாத்திரை டப்பாவை மூடி வைத்துவிடுபவர்கள்தான் அதிகம்.

"பால் கொடுத்தால் உடம்பு தானாக இளைத்துவிடும்" என்பதை முழுசாக நம்ப வேண்டாம். சிலருக்கு இளைக்கும், சிலருக்கு அப்படியே இருக்கும். ஆய்வு முடிவுகளும் அப்படித்தான் கலந்து இருக்கின்றன. அதேபோல, "மார்பு தளர்ந்துவிடும்" என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. கர்ப்பம், வயது, உடல் எடை மாற்றம் ஆகியவைதான் தளர்ச்சிக்குக் காரணம். பால் கொடுக்காமல் விட்டாலும் அது வரத்தான் செய்யும்.

மனசும் உடம்பில்தானே இருக்கிறது?

குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவைக் கொஞ்சம் அமைதிப்படுத்துகின்றன. ஆனால், எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. காம்பில் வெடிப்பு, பால் கட்டி வலி, காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை. இந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம் "பால் கொடுத்தா உனக்குத்தானே நல்லது" என்று சொன்னால் அழுகைதான் வரும்.

காம்பு வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்புவது. காம்பைச் சுற்றிய கருமையான பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். இதைச் சரிசெய்ய நர்ஸ் ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மார்பு சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் குளிரும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தினால் கட்டுவது அதிகமாகும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை, குழந்தையைப் பார்த்தால் பயம், வெறுப்பு, எதிலும் பிடிப்பில்லாமை என்று இருந்தால் அது சோம்பலோ திமிரோ அல்ல, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சிகிச்சைக்காகவோ, பால் சுரப்பு குறைவாலோ, வேறு காரணத்தாலோ பால் கொடுக்க முடியாமல்போன அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களின் ஆரோக்கியத்துக்கு உடற்பயிற்சி, எடைக் கட்டுப்பாடு, உரிய வயதில் பரிசோதனை என்று வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. குற்ற உணர்ச்சி அதில் ஒன்றல்ல.

மாதங்களைத் திருடுவது யார்?

மாதாமாதம் சேரும் பலன் என்றால், ஒவ்வொரு மாதத்தையும் அம்மாவிடமிருந்து பறிப்பது எது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில், வேலை.

2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். 26 வாரம் என்பது ஆறு மாதம் என்பதால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க அது சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முன்னால் எடுத்தால் பின்னால் குறையும். நான்கு மாதத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

வேலைக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று 1961-ல் வந்த மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்பதும் 2017-ல் சேர்க்கப்பட்டது. ஹெச்.ஆர். துறையிடம் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 25 டிகிரி வெப்பம் வரை 4 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வைக்கலாம். நம் ஊர் மே மாதத்தில் 25 டிகிரி அறை ஏ.சி இல்லாமல் கிடைக்காது. அதனால், பீய்ச்சியதும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடட்டும். அலுவலகத்தில் பீய்ச்சுவதற்குக் கழிப்பறையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். கதவு பூட்டக்கூடிய சின்ன அறையும் ஒரு நாற்காலியும்தான் தேவை. பேருந்து நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு 2015-ல் திறந்துவிட்டது, ஆபீஸுக்கு என்ன கஷ்டம்?

இந்தச் சட்டங்கள் எதுவும் தொடாதவர்களும் உண்டு. சித்தாள் வேலை, வயல் வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் தவணைகள் அவர்களுக்குச் சில வாரங்களை வாங்கிக் கொடுக்கும். அதற்கு மேல், வீட்டில் இருக்கும் கணவரும் மாமியாரும் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுக்கும் மாதங்கள்தான்.

கடைசியாக, 'பால் கட்டி' பற்றி

பால் கொடுக்கும் காலத்தில் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "பால் கட்டியிருக்கு, வெந்நீர் ஒத்தடம் கொடு" என்பார்கள். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே இருக்கலாம். ஆனால், அரிதாகப் புற்றுநோயும் இந்தக் காலத்தில் வரும். எல்லோரும் பால் கட்டி என்று நினைப்பதாலேயே அது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. பால் கொடுத்தால் புற்றுநோய் வராது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் இன்னும் தாமதிப்பார்கள்.

எனவே, கணக்கு இதுதான்: குழந்தை குடித்தபிறகும் கரையாமல், இரண்டு வாரம் தாண்டியும் ஒரே இடத்தில் இருக்கும் கட்டி, காம்பிலிருந்து ரத்தம், தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிவிழுவது, மருந்து சாப்பிட்டும் குறையாத சிவப்பு... இதில் ஒன்று இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்து மார்பைக் காலி செய்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். ஸ்கேன் முடிந்த கையோடு குழந்தைக்கு மறுபடி பால் கொடுக்கலாம், எந்தத் தடையும் இல்லை.